"எல்லாரும் ஒண்ணும் இல்லங்கறாங்க"

(முடிச்சூரில் குடியிருப்போர் நலச் சங்கம் ஒன்றின் மாதக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற மனநலச் சமூகப் பணியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் எனக்குத் தெரிந்த முகங்கள். இருபத்தைந்து வருஷமாக இதே முடிச்சூர் சாலையில் காய்கறி வாங்கி, இதே பஸ்ஸில் தாம்பரம் போய் வந்தவள் நான். ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் வேலை பார்த்தேன். டாக்டர் இல்லை. டாக்டரின் அறைக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து நோயாளியோடும் வீட்டாரோடும் பேசுகிற வேலை.

சங்கத்தார் மனச்சோர்வைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மனச்சோர்வு என்றால் என்ன, அதன் அறிகுறி எத்தனை என்பதெல்லாம் உங்கள் செல்போனிலேயே கிடைக்கும். நம்மூர் ஆளுக்கு அது வரும்போது எந்த ரூபத்தில் வருகிறது, ஐந்து டாக்டர் பார்த்தும் ஏன் பிடிபடாமல் போகிறது, பிடிபட்ட பிறகும் மருந்து ஏன் பாதியில் நின்றுவிடுகிறது என்பதைப் பேசத்தான் வந்தேன்.

ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியக் கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். 2018-ல் வந்தார். ஐம்பத்தாறு வயது. கையில் ஜவுளிக்கடை மஞ்சப்பை. அதை மேஜைமேல் கவிழ்த்தார். மூன்று இ.சி.ஜி., ஒரு எக்கோ, ஒரு எண்டோஸ்கோப்பி, தைராய்டு ரிப்போர்ட் நாலைந்து, தலை ஸ்கேன் இரண்டு. எல்லாவற்றிலும் ஒரே முடிவு: நார்மல். "நெஞ்சுல ஒரு உருண்டை வந்து அடைக்குது மேடம். கை கால் எல்லாம் ஓய்ஞ்சு போவுது. எல்லாரும் ஒண்ணும் இல்லங்கறாங்க. எனக்கு மட்டும் இருக்கு."

நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் மனச்சோர்வை அளக்கிற, ஒன்பது கேள்வி கொண்ட தாள் ஒன்று இருந்தது. 2001-ல் அமெரிக்காவில் உருவாக்கி உலகம் முழுக்கப் பயன்படுகிற தாள். மொத்தம் 27 மதிப்பெண். அதன் தமிழ் வடிவம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன். "கடந்த இரண்டு வாரங்களில், செயல்களைச் செய்வதில் ஆர்வமோ இன்பமோ குறைந்திருக்கிறதா?" அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். இன்பம் என்ற சொல்லுக்கு நம் பேச்சில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். புருஷன் போய்ச் சேர்ந்த ஒரு பெண்ணிடம் கேட்கிற கேள்வியா அது? "அதெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம். வேலைன்னா செஞ்சுதானே ஆவணும்." இல்லை என்று குறித்தேன். "துக்கமாக உணர்கிறீர்களா?" என்றேன். "எனக்கென்ன துக்கம்? புள்ள நல்லா வச்சிருக்கான்." இல்லை என்று குறித்தேன். கூட்டினால் ஐந்தோ ஆறோ வந்தது. லேசான பாதிப்பு, ஒரு மாதம் கழித்து வரட்டும் என்று எழுதி அனுப்பினேன்.

ஒரு மாதம் கழித்து இன்னும் இளைத்து வந்தார். அன்றைக்குத் தாள் எதையும் எடுக்கவில்லை. என்ன தோன்றியதோ, "வாசல்ல கோலம் யாரும்மா போடறா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். "மூணு வருஷமா நான் போடறதில்ல. மருமவ ஸ்டிக்கர் ஒட்டிட்டா." முன்னால் போடுவீர்களா? மார்கழியில் தெருவை அடைத்துப் போடுவாராம், இருபத்தொரு புள்ளி. ஏன் விட்டீர்கள், இடுப்பு வலியா? "இடுப்புல ஒண்ணும் இல்ல. குனிஞ்சா சேத்து வாசன வருது."

எந்தச் சேறு என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பர் 1-ந் தேதி தொடங்கி மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடையாறு கரை புரண்டு வரதராஜபுரமும் முடிச்சூரும் படகு விடுகிற ஊராயின. அந்த அம்மாவின் கணவர் ஓய்வூதியப் பணத்தில் கட்டிய வீடு. தண்ணீர் வடிந்த பிறகு முழங்கால் அளவு சேற்றைத் தனியாக வாரிக் கொட்டியிருக்கிறார். கல்யாண ஆல்பம் கூழாகிப் போனதாம். அழவில்லை. ஊரே நாசமாகிக் கிடக்கும்போது ஆல்பத்துக்காக அழுதால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? அந்த வருஷத்திலிருந்து ஐப்பசி பிறந்தால் நெஞ்சு அடைக்கிறது. விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. பசி இல்லை. பக்கத்து வீட்டு வளைகாப்புக்குப் போகவில்லை. இ.சி.ஜி. எடுத்த தேதிகளைப் பார்த்தேன், மூன்றும் மழை மாதங்கள். யாரும் தேதியைப் பார்க்கவில்லை. முதல் தடவை நானும் பார்க்கவில்லை.

டாக்டரும் பார்த்து மனச்சோர்வு என்று உறுதி செய்தார், அதுவும் மிதமானது இல்லை. தாள் சொன்னது ஆறு. தாளின் மேல் தப்பில்லை. நல்ல தாள்தான், இன்றைக்கும் பயன்படுத்தச் சொல்வேன். கேட்ட தமிழ்தான் அந்த அம்மாவின் தமிழ் இல்லை.

கேட்கிற விதத்தால் கணக்கே மாறும் என்பதற்குப் பெரிய சான்றுகளும் இருக்கின்றன. சென்னை நகரத்தில் நீரிழிவு ஆராய்ச்சிக்காகத் திரட்டிய 25,455 பேரிடம் கேள்வித்தாள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2009-ல் வந்தது. அதன்படி நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு மனச்சோர்வு. மனம் வாடியிருக்கிறது என்றவர்கள் எத்தனை பேரோ, ஏறக்குறைய அத்தனை பேர் அசதி என்றார்கள். இரண்டும் நூற்றுக்கு முப்பதை ஒட்டி. பிறகு 2015-16-ல் பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நேர்காணல் முறையில் நடத்திய தேசிய மனநல ஆய்வில், அந்த நேரத்தில் மனச்சோர்வில் இருந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. இரண்டும் நேர்மையான ஆய்வுகள். ஒன்று வடிகட்டும் தாள், மற்றொன்று நோயை உறுதி செய்யும் நேர்காணல். இடமும் ஆளும் வேறு. ஆனாலும் இத்தனை வித்தியாசம் இருக்கும்போது, எந்தச் சொல்லால் கேட்டோம் என்பதையும் யோசிக்கத்தான் வேண்டும். தேசிய ஆய்வு சொன்ன இன்னொரு விஷயம் எனக்கு அதைவிட முக்கியம். மனச்சோர்வு உள்ளவர்களில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் சிகிச்சைக்கு வெளியே இருந்தார்கள்.

சொல்லைப் பற்றி ஒரு ஆதங்கம் உண்டு. பத்திரிகைகளில் இந்த நோய்க்கு "மன அழுத்தம்" என்று எழுதுகிறார்கள். பரீட்சைக்குப் படிக்கிற பையனின் பதற்றத்துக்கும் மன அழுத்தம், ஆபீஸ் வேலைச் சுமைக்கும் மன அழுத்தம். விளைவு என்ன? மாதக்கணக்காகப் படுக்கையை விட்டு எழ முடியாத ஒருவர் "எனக்கு மன அழுத்தம்" என்று வாய் திறந்தால், "யாருக்குத்தான் இல்ல?" என்று பதில் வருகிறது. மனச்சோர்வு என்ற சொல் இருக்கிறது. அதைப் பிரித்து எழுதுங்கள் என்று பத்திரிகைக்காரர்களைக் கேட்டுக்கொள்கிறேன். யாழ்ப்பாணத் தமிழர்கள் இந்தத் துறைக்குச் சொற்களைப் பார்த்துப் பார்த்து உண்டாக்கினார்கள். நாம் கவுன்சிலிங் என்று சொல்வதை அவர்கள் சீர்மியம் என்கிறார்கள், உளவளத்துணை என்கிறார்கள். அங்கே போர்க்காலத்தில் வேலை பார்த்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், பெருமூச்சைக்கூட ஒரு மொழியாகக் கவனித்து எழுதியவர். நோயாளி விடுகிற மூச்சைக் குறித்துக்கொள்கிற மருத்துவம் எனக்கு மிகவும் பிடித்தது.

இதெல்லாம் நமக்குப் புதிதா? நான் தமிழ் படித்தவள் இல்லை, ஆனால் பள்ளிக்கூடத்தில் ஒரு தமிழய்யா நடத்திய பாடம் ஆஸ்பத்திரியில்தான் எனக்குப் புரிந்தது. தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயல். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. உள்ளத்தில் இருப்பது மெய்யில், அதாவது உடம்பில், தெரிவதுதான் மெய்ப்பாடு. அகப்பாட்டில் தலைவி "நான் சோகமாக இருக்கிறேன்" என்றா சொல்கிறாள்? வளை கழல்கிறது, பசலை படர்கிறது, சோறு இறங்கவில்லை, கண் மூடவில்லை. மகள் இளைப்பதைப் பார்த்த தாய் பதறிப்போய் வேலனைக் கூப்பிட்டு வெறியாடச் செய்கிறாள். முருகன் அணங்கினான் என்று வேலன் சொல்கிறான். வந்ததோ காதல் நோய். அது யாருக்குத் தெரியும்? தோழிக்குத் தெரியும். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு முழுக்கத் தோழி தாயிடம் உண்மையை எடுத்துச் சொல்வதுதான். அதற்கு அறத்தொடு நிற்றல் என்று பெயர். தாய்க்குக் கோபம் வராமல், தலைவிக்கு மானம் போகாமல், பக்குவமாகச் சொல்கிறாள். நோயைத் தவறாகக் கணித்ததும், சரியாகக் கணித்தவள் அதைச் சொன்ன விதமும் நம் இலக்கியத்திலேயே பதிவாகி இருக்கின்றன. பண்பாடு அறிந்து வைத்தியம் பார்ப்பது என்று இன்றைக்கு மருத்துவக் கல்லூரிகளில் தனிப் பாடம் நடத்துகிறார்கள். அந்தத் தோழிக்குத் தெரிந்திருந்ததைத்தான் நடத்துகிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

உடம்பு வழியாக நோயைச் சொல்கிறவர்களைப் படிக்காதவர்கள், மனசைச் சொல்லத் தெரியாதவர்கள் என்று ரொம்ப நாள் நினைத்தார்கள். அது சரியில்லை என்று 1996-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. நிம்ஹான்ஸில் ரகுராம் என்ற மருத்துவரும் அவரோடு வேலை செய்தவர்களும் எண்பது நோயாளிகளிடம் உட்கார்ந்து பேசினார்கள். மனவாட்டம் கூடக் கூட அவமான பயம் கூடியிருந்தது. உடம்புத் தொந்தரவு கூடுதலாக உள்ளவர்களிடம் அந்த பயம் குறைந்திருந்தது. காரணம் நம் வீட்டிலேயே இருக்கிறது. முதுகு வலி என்றால் தைலம் தேய்த்துவிடுவார்கள். மனசு சரியில்லை என்றால் தங்கச்சி கல்யாணம் நிற்கும். அந்த மஞ்சப்பை அம்மாவுக்குத் தன் துக்கம் தெரியாமல் இல்லை. எதைச் சொன்னால் மதிப்பார்கள் என்பதும் தெரிந்திருந்தது.

சீனாவில் இதே கதை. 1980 வாக்கில் ஆர்தர் கிளைன்மன் என்ற அமெரிக்க மருத்துவர் ஹூனான் மாகாணத்து மருத்துவமனையில் நூறு நோயாளிகளைப் பார்த்தார். எல்லோருக்கும் அங்கே எழுதியிருந்த நோயின் பெயரைத் தமிழில் சொன்னால் நரம்புத் தளர்ச்சி. அவருடைய கணக்குப்படி அவர்களில் 87 பேருக்கு மனச்சோர்வு இருந்தது. நரம்புத் தளர்ச்சி! ஜி.எஸ்.டி. ரோடு சுவர் முழுக்க ஒரு காலத்தில் எழுதியிருந்த சொல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க டாக்டர் ஒருவர் பரப்பிய பெயர். அங்கே அது மறைந்து, சீனாவிலும் நம் சுவர்களிலும் உட்கார்ந்துகொண்டது. லாட்ஜில் ரூம் போட்டு வைத்தியம் பார்க்கிறவர்களிடம் அந்தச் சொல்லை நம்பிப் பணத்தைக் கொட்டிய ஆண்களில் எத்தனை பேர் மனச்சோர்வு நோயாளிகளோ. ஆண்களுக்கு இன்னும் இரண்டு வேஷம் உண்டு, கேஸ் ட்ரபிள் ஒன்று, குவார்ட்டர் இன்னொன்று. சிடுசிடுப்பும் குடியும்தான் வெளியே தெரியும். வீட்டார் குடியை மட்டும் பார்ப்பார்கள், டாக்டரும் குடியை மட்டும் பார்ப்பார்.

பெண்களில் பலர் வெள்ளைப்படுதல் என்று வருவார்கள், உடம்பு உருகிப் போகிறது என்பார்கள். கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் படேலின் குழு இதை ஆராய்ந்தபோது, அந்தப் புகாரில் கிருமித் தொற்றைவிட மனத் துயரத்தின் பங்கு பெரிதாக இருந்தது தெரிந்தது. இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். உடம்பில் உண்மையிலேயே நோய் இருக்கலாம். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை மூன்றும் இதே அசதியைக் கொடுக்கும். இவற்றை ஒரு தடவை ஒழுங்காகப் பரிசோதித்துவிட்டுத்தான் மனசுக்கு வர வேண்டும். ஐம்பது வயதுப் பெண் நெஞ்சு அடைக்கிறது என்றால் முதலில் இதயத்தைப் பார்ப்பதுதான் சரி. நான்காவது இ.சி.ஜி. எடுப்பதற்கு முன்னாலாவது வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்கலாமே என்பதுதான் என் கேள்வி.

அவமான பயத்தைப் பற்றி இந்தப் பக்கத்து மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நமக்குப் பக்கத்தில் இருக்கிறது தாம்பரம் சானடோரியம். 1928-ல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கினார். பிறகு அரசு எடுத்துக்கொண்டது, 1993-லிருந்து எச்.ஐ.வி. நோயாளிகளுக்கும் அதுவே புகலிடமாயிற்று. ஊர் ஒதுக்கிய இரண்டு நோய்களை அந்த வளாகம் தாங்கியிருக்கிறது. மனநோய்க்கோ நாம் ஒரு ஊர்ப் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம். கீழ்ப்பாக்கம் என்றால் சிரிக்கிறோம். அங்கே இருப்பது 1794-ல் தொடங்கிய மனநல மருத்துவமனை. 1961-லிருந்து பல வருஷம் அதற்குத் தலைமை தாங்கியவர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். 1984-ல் மனச்சிதைவு ஆராய்ச்சிக்கான ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தொடங்கியதும் அவர்தான். 2021 டிசம்பரில் மறைந்தார். அப்படி ஒருவர் உழைத்த இடத்தின் பெயரைக் கேலிக்குப் பயன்படுத்த மாட்டேன் என்று நீங்கள் ஒவ்வொருவரும் முடிவெடுத்தால், உங்கள் வீட்டில் ஒருவராவது துணிந்து வாய் திறப்பார்.

கோயில், தர்கா விஷயத்துக்கு வருகிறேன். இதில் என் துறையிலேயே இரண்டு கட்சி. நான் ஏர்வாடியை மறக்கவில்லை. 2001 ஆகஸ்ட் 6-ந் தேதி விடியற்காலை, அங்கே தனியார் நடத்திய மனநோயாளர் காப்பகக் கொட்டகை தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. நம்பிக்கை என்ற பெயரில் மனிதரைக் கட்டிப்போடுவதற்கு எந்தப் பண்பாடும் சாக்காக முடியாது. அதே ஏர்வாடியில் பிற்பாடு அரசு மருத்துவர்கள் தர்காவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து மருந்து கொடுக்கும் ஏற்பாடு வந்தது. தவா, துவா என்று அதைச் சொல்கிறார்கள். மருந்தும் உண்டு, பிரார்த்தனையும் உண்டு. முன்னே சொன்ன ரகுராம், 2002-ல் நம் மாநிலத்து முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கிய 31 பேரைப் பற்றிப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். பெரும்பாலும் மனச்சிதைவு நோயாளிகள். சில வாரங்கள் தங்கியதில் நோயின் கடுமை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. கட்டிப்போடாத, அன்பான இடத்தில் தங்கியதன் பலன் என்றுதான் அவர்கள் கருதினார்கள். ஆகவே வேப்பிலை அடித்துவிட்டு வந்தேன் என்று ஒருவர் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். சுளித்தால் அடுத்த தடவை மறைப்பார், மாத்திரையை நிறுத்தியதையும் சேர்த்து மறைப்பார். "நல்லது, கோயிலுக்கும் போங்க, இதையும் விடாம சாப்பிடுங்க" என்று சொல்லித்தான் நான் வேலை பார்த்தேன்.

இப்படி நோயாளியின் பார்வையைக் கேட்டறியவே அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் தன் கையேட்டில் 16 கேள்வி கொண்ட ஒரு நேர்காணலைச் சேர்த்தது. உங்களுக்கு வந்திருப்பதற்கு நீங்கள் என்ன பெயர் சொல்வீர்கள்? எதனால் வந்தது என்று வீட்டில் நினைக்கிறார்கள்? இதற்கு முன் யாரிடம் போனீர்கள்? இப்படிப் போகும். இதைத் தமிழில் கேட்டால் என்னென்ன வரும் தெரியுமா? ஏழரைச் சனி வரும், செய்வினை வரும், மாமியார் வருவார், வெள்ளத் தண்ணீர் வரும், வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்ட மகள் வருவாள். அத்தனைக்கும் ஐந்து நிமிஷம் வேண்டும். அரசு ஆஸ்பத்திரி வெளிநோயாளி வரிசையில் டாக்டருக்கு அந்த ஐந்து நிமிஷம் இல்லை, அவரைக் குறை சொல்ல மாட்டேன். அதனால்தான் பக்கத்து அறையில் என்னைப் போன்ற ஒருவர் வேண்டும். பெரும்பாலான இடங்களில் அந்த அறையே கிடையாது.

நம்மூரில் நோயாளி தனியாக வர மாட்டார். கூடவே கணவரோ மகனோ வந்து, கேட்கிற கேள்விக்கெல்லாம் அவரே பதில் சொல்வார். வெளிநாட்டுப் புத்தகத்தில் நோயாளியைத் தனியாகப் பாருங்கள் என்று இருக்கிறது. வீட்டாரை எடுத்த எடுப்பில் வெளியே போகச் சொன்னால் அவமானமாக நினைப்பார்கள், அடுத்த தடவை அழைத்துவர மாட்டார்கள். முதலில் அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். பிறகு "பிரஷர் பார்க்கணும், கொஞ்சம் வெளிய இருங்க" என்று சொல்லி, அந்த நேரத்தில் பேச வேண்டும். பிரஷர் பட்டையைக் கையில் சுற்றிய நிமிஷத்தில் எத்தனையோ பெண்கள் உடைந்து அழுததைப் பார்த்திருக்கிறேன்.

சாவைப் பற்றிய பேச்சில் மிகுந்த கவனம் வேண்டும். "எமன் என்னைக் கூப்பிட மாட்டேங்கறான்" என்று பாட்டிகள் சொல்வது பேச்சு வழக்கு. அதே வார்த்தைக்குள் நிஜமான எண்ணமும் இருக்கலாம். கணநாத் ஒபேசேகர என்ற இலங்கை மானிடவியலாளர் 1985-ல் எழுதினார்: வாழ்க்கை துன்பமயம் என்று சொல்கிறவரை மேற்கத்திய டாக்டர் நோயாளி என்பார், எங்கள் ஊரில் அவர் நல்ல பௌத்தர். உண்மைதான். ஆனாலும் அதை வைத்துக்கொண்டு எதையும் கேட்காமல் விட்டுவிடக் கூடாது. "இருந்து என்ன பிரயோஜனம்னு தோணுதா? செத்துடலாம்னு நினைப்பு வருதா?" என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்டால் எண்ணம் தூண்டப்படும் என்பது தவறான பயம். கேட்ட பிறகு பாரம் குறைந்து பேசியவர்களைத்தான் நான் பார்த்தேன். 2018-ல் நடைமுறைக்கு வந்த மனநலச் சட்டமும், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் துயரத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது.

மருந்து விஷயம். இந்த மாத்திரைகள் வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். குணமான பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும். நம் ஆட்கள் பத்து நாளில் நிறுத்துவார்கள். ஏன்? முதல் வாரத்தில் வயிறு புரட்டும், எரியும். "இந்த மாத்திரை சூடு" என்று தெருவே தீர்ப்புச் சொல்லும். டாக்டர் "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல" என்பார். அங்கேதான் கோட்டை விடுகிறோம். சாப்பிட்ட பிறகு போடுங்கள், மோர் குடியுங்கள், ஒரு வாரத்தில் தணியும் என்றால் போதும். பத்தியம் உண்டா என்று கேட்பார்கள். எல்லாம் சாப்பிடலாம் என்று சொன்னால் நம் மனசு அதை மருந்தாகவே எடுத்துக்கொள்ளாது. எனவே குடியை நிறுத்துங்கள், ராத்திரி நேரத்தோடு சாப்பிடுங்கள், சாயங்காலத்துக்கு மேல் காபி வேண்டாம் என்று சொல்லியனுப்புவோம். மூன்றும் மருத்துவப்படி சரியானவை, பத்தியமும் ஆயிற்று. இது தூக்க மாத்திரை, பழகிவிடும் என்ற பயத்துக்கும் முதல் நாளே பதில் சொல்ல வேண்டும்.

மருந்து இல்லாமல் பேச்சாலேயே குணமாகிறவர்களும் உண்டு. ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர்கள் கைவிரலில் எண்ணும் அளவுதான் இருந்தார்கள். அங்கே டிக்சன் சிபண்டா என்பவர் சுகாதார நிலைய வாசலில் மர பெஞ்சு போட்டு, பயிற்சி கொடுத்த பாட்டிமார்களை உட்கார வைத்தார். நோய்க்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரின் பொருள், அளவுக்கு மீறி யோசிப்பது. "மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு" என்று நாம் சொல்வதுதான். கோவாவில் டாக்டர் அல்லாத ஊர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆறிலிருந்து எட்டுச் சந்திப்பில் மனச்சோர்வைக் குறைத்த ஆய்வு 2017-ல் வந்தது. விட்டுப்போன வேலைகளைச் சின்னச் சின்னதாகத் திரும்பத் தொடங்க வைப்பதுதான் அதன் முறை.

அந்த அம்மாவுக்கு மாத்திரையும் கொடுத்தோம், அதோடு நாலு புள்ளிக் கோலமும் கொடுத்தேன். வாசலில் வேண்டாம், மொட்டை மாடியில் போடுங்கள், அங்கே தண்ணீர் ஏறவில்லை அல்லவா என்றேன். முதல் வாரம் போடவில்லை. இரண்டாம் வாரம் போட்டுவிட்டு அழுதிருக்கிறார், மூன்று வருஷத்து அழுகை. முன்பெல்லாம் ஒரு சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கும்போது பெண்கள் தங்கள் சொந்தத் துயரத்தையும் சேர்த்து அழுது தீர்ப்பார்கள். இப்போது அபார்ட்மெண்டில் யாரும் சத்தமாக அழுவதில்லை. தை மாதம் வந்தபோது அந்த அம்மாவுக்கு இரண்டு கிலோ ஏறியிருந்தது. மஞ்சப்பையைக் கொண்டுவரவில்லை.

இன்னும் இரண்டு சாராரை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. இந்த நகர்களில் எத்தனையோ வீட்டில் பெரியவர்கள் இருவர் மட்டும் இருக்கிறீர்கள், பிள்ளை அமெரிக்காவில். "எனக்கென்ன குறை?" என்று சொல்லிச் சொல்லியே அடக்குகிறீர்கள். குறை இல்லாதவருக்கும் இந்த நோய் வரும், அதைச் சொன்னால் பிள்ளைமேல் பழி சொன்னதாக ஆகாது. இன்னொருவர், ஒரகடம் பக்கத்துக் கட்டட வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்த பையன். அவன் தலை வலிக்கிறது என்று வந்தால் நம் டாக்டரும் நானும்தான் அவனுக்கு அந்நியர்கள். அவன் மொழியில் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. அவன் மேஸ்திரி சொல்கிற அரைகுறைத் தமிழை நம்பித்தான் மாத்திரை எழுதுகிறோம். நோயாளிக்குப் புரிகிற மொழியில் எல்லாம் சொல்லப்பட வேண்டும் என்பது சட்டம் கொடுத்த உரிமை. அது அவனுக்கும் உண்டு.

நேரமாகிவிட்டது. இப்போது செல்போனை எடுத்து இந்த எண்களைப் பதிந்துகொள்ளுங்கள். 14416, மத்திய அரசின் டெலி மானஸ். 2022 அக்டோபரில் தொடங்கியது, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். 104, நம் மாநில அரசின் உதவி எண். 044 24640050, சென்னையில் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கிய சிநேகா அமைப்பு. உங்கள் தெருவில் வழக்கமாகக் கோலம் இருந்த வாசல் ஏதாவது ஒன்று வெறுமனே கிடந்தால், நாளைக் காலையில் ஒரு தம்ளர் காபியோடு போய் அந்தக் கதவைத் தட்டுங்கள். போன் இல்லாதவர்கள் என்னிடம் வாருங்கள், துண்டுத் தாளில் எண்களை எழுதி வைத்திருக்கிறேன். கடைசி ஆள் போகும்வரை இங்கேதான் உட்கார்ந்திருப்பேன்.